மேலே ஒரு கடல், கீழே ஒரு கடல்: போஸ்பரஸ் நீரிணையின் வரலாறு

கடலைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாரும் ஒன்றை விசாரிக்காமலேயே ஏற்றுக்கொண்டு விடுகிறோம். கடல் என்றால் உப்புநீர். ஒரு கடலும் இன்னொரு கடலும் சேருகின்ற இடத்தில் இரண்டு நீரும் கலந்து ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்திலும் எல்லாக் கடலுக்கும் ஒரே நீல நிறத்தைத்தான் பூசியிருந்தார்கள். எங்கே இந்தியப் பெருங்கடல் முடிகிறது, எங்கே பசிபிக் தொடங்குகிறது என்பது வரைபடம் வரைந்தவரின் பேனாவைப் பொறுத்தது என்றுகூட நமக்குத் தோன்றியிருக்கும்.

கடலை ஆராய்கின்றவர்களின் பார்வை அப்படியல்ல. அவர்கள் 'நீர்த்திரள்' என்ற ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட அளவு உப்போடும் வெப்பத்தோடும் உருவான பெரும் நீர்ப்பரப்பு, தான் பிறந்த இடத்தின் அந்த அடையாளத்தைச் சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். வழியில் மற்ற நீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாலும், அந்த அடையாளம் பல ஆண்டுகளுக்கு, சில வேளைகளில் பல நூறு ஆண்டுகளுக்கு அழியாமல் இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நாம் ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. நம் உணவுக் கடைகளில் மூன்றடுக்குத் தேநீர் கிடைக்கிறது அல்லவா? கண்ணாடிக் குவளையின் அடியில் குலா மலாக்காப் பாகு, அதன்மேல் பால், அதற்கும் மேல் தேநீர். கரண்டியைப் போட்டுக் கலக்காத வரை மூன்றும் தனித்தனியாகவே நிற்கும். கனமானது அடியில், இலேசானது மேலே. கடலிலும் இதே கணக்குத்தான். அங்கே கரண்டியின் வேலையைக் காற்றும் அலையும் செய்கின்றன. ஆனால் கடல் மிகப் பெரிய குவளை. அந்தக் கரண்டி அடிவரைக்கும் எட்டுவதில்லை.

குவளையில் அடுக்குகள் அசையாமல் நிற்கின்றன. கடலிலோ ஒவ்வோர் அடுக்கும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, சில இடங்களில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில். இந்த உண்மையை முதன்முதலில் ஒரு மனிதர் அளந்து, சோதித்து, காரணத்தோடு எழுதி வைத்த இடம் ஒன்று உண்டு. அதுதான் துருக்கியில் இருக்கும் போஸ்பரஸ் நீரிணை.

இஸ்தான்புல் நகரை இரண்டாகப் பிளந்துகொண்டு செல்லும் நீரிணை அது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். மிகக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர்தான். ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. வடக்கு முனையில் கருங்கடல், தெற்கு முனையில் மர்மரா கடல். மர்மராவிலிருந்து டார்டனெல்ஸ் என்ற இன்னொரு நீரிணை வழியாகப் போனால் ஏஜியன் கடலை, அதாவது மத்தியதரைக் கடலின் ஒரு பகுதியை அடையலாம்.

கருங்கடலில் டான்யூப், டினீப்பர், டினீஸ்டர் போன்ற பெரிய ஆறுகள் வந்து விழுகின்றன. அதனால் அதன் மேற்பரப்பு நீரில் உப்பு குறைவு. ஒரு கிலோ நீருக்கு ஏறக்குறைய 18 கிராம். மத்தியதரைக் கடலோ வெயிலில் காய்ந்து காய்ந்து உப்பேறிய கடல். அங்கே 38 கிராமுக்கும் மேல். நம் பக்கத்துக் கடல்களில் இது 30 முதல் 33 கிராம் அளவில் இருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, போஸ்பரஸின் இரண்டு பக்கமும் இருப்பவை பெயரளவில்தான் கடல்நீர். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் எடை வேறுபாடு உள்ள இரண்டு தனித்தனித் திரவங்கள் அவை. விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் நம் முன்னோர்களிடம் இருந்தது. உப்பு ஏறினால் நீர் கனக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வலை சாய்ந்த திசை

போஸ்பரஸின் மேற்பரப்பில் நீர் வடக்கிலிருந்து தெற்காக, கருங்கடலிலிருந்து மர்மராவை நோக்கி ஓடுகிறது. இது யாருக்கும் தெரிந்த செய்தி. சில இடங்களில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் தாண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் வடக்கே போக வேண்டிய மாலுமிகள் சாதகமான காற்றுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

ஆனால் அங்கிருந்த மீனவர்களுக்கு இன்னொரு செய்தியும் தெரிந்திருந்தது. 6ஆம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் பேரரசரின் காலத்தில் வாழ்ந்த புரோக்கோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் தம் போர் வரலாற்று நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். மேலே ஓடும் நீர் நகரத்தை நோக்கி வருகிறது. ஆனால் ஆழத்தில் இறக்கிய வலை எதிர்ப்பக்கமாக, கருங்கடலை நோக்கி இழுத்துச் செல்லப்படுகிறது என்று மீனவர்கள் சொல்வதாக அவர் குறித்திருக்கிறார். காரணம் என்ன என்று அவர் ஆராயவில்லை. அதற்குப் பிறகு 1,100 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை. படித்தவர்கள் மீனவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டார்கள். அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் 1679ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். பெயர் லூயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி. இத்தாலியின் போலோனா நகரத்துப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. வயது 21. வெனிஸ் அரசு கான்ஸ்டான்டினோப்பிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு அனுப்பிய தூதருடைய பரிவாரத்தில் ஒருவராக வந்தார். தூதரக வாழ்க்கையில் விருந்துக்கும் கேளிக்கைக்கும் குறைவில்லை. இந்த இளைஞரோ நகரத்தில் இருந்த மாதங்களில் படகை எடுத்துக்கொண்டு நீரிணையில் கயிறு விட்டுக்கொண்டிருந்தார்!

ஆழத்தில் எதிர் ஓட்டம் உண்டு என்பதை அவர் இரண்டு தரப்பினரிடமிருந்து கேட்டறிந்தார். ஒரு தரப்பு அந்த ஊர் மீனவர்கள். இன்னொருவர், அப்போது அங்கே இங்கிலாந்தின் தூதராக இருந்த ஜான் ஃபின்ச். இதை மார்சிலி மறைக்கவில்லை. யாரிடம் கேட்டேன் என்பதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். அவருடைய அளவுகளை நாம் மதிப்பதற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அவர் செய்த சோதனை மிக எளிமையானது. நீண்ட கயிறு ஒன்றை எடுத்து அதன் முனையில் ஈயக் குண்டைக் கட்டினார். கயிற்றில் இடைவெளி விட்டு வெள்ளை நிறம் பூசிய தக்கைகளைக் கட்டி, நிறுத்தி வைத்த படகிலிருந்து மெல்ல இறக்கினார். தெளிந்த நீரில் வெள்ளைத் தக்கைகள் கண்ணுக்குத் தெரிந்தன. மேலே இருந்த தக்கைகள் மர்மரா பக்கம் சாய்ந்தன. கயிறு இறங்க இறங்க அந்தச் சாய்வு குறைந்தது. பிறகு, ஆழத்தில் இருந்த தக்கைகள் எதிர்ப்பக்கமாக, கருங்கடலை நோக்கி வளைந்தன. மேற்பரப்பு ஓட்டத்தின் வேகத்தை அளக்கச் சிறிய துடுப்புச் சக்கரம் ஒன்றையும் பயன்படுத்தி, ஊசல் ஆடுவதை வைத்து அதன் சுற்றுகளைக் கணக்கிட்டார்.

இதோடு நின்றிருந்தால் அவர் மீனவர்களின் சொல்லுக்குச் சாட்சி சொன்னவராக மட்டுமே இருந்திருப்பார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: ஏன்? மேல்நீரையும் கீழ்நீரையும் தனித்தனியே எடுத்து, திரவமானியை மிதக்கவிட்டு எடையை ஒப்பிட்டார். கீழ்நீர் கனமாக இருந்தது. பிறகு ஒரு தொட்டியைச் செய்தார். நடுவில் ஒரு தடுப்பு. தடுப்பின் மேற்பகுதியில் ஒரு துளை, அடிப்பகுதியில் ஒரு துளை. ஒரு பக்கம் உப்பு மிகுந்த நீரைச் சாயம் கலந்து ஊற்றினார். மறுபக்கம் உப்புக் குறைந்த நீர். துளைகளைத் திறந்தபோது சாய நீர் அடித் துளை வழியாக அந்தப் பக்கம் போனது. இலேசான நீர் மேல் துளை வழியாக இந்தப் பக்கம் வந்தது. ஒரு நீரிணையை மேசைமேல் வைத்துக் காட்டிவிட்டார் மார்சிலி. கடலின் ஓட்டத்தை விளக்க ஆய்வுக்கூடத்தில் மாதிரி செய்து பார்த்த முதல் சோதனைகளில் இதுவும் ஒன்று என்று கடலியல் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இன்று இதை நாம் இப்படி விளக்கலாம். ஆறுகள் கொட்டுவதால் கருங்கடலின் நீர்மட்டம் மர்மராவைவிட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது. அந்தச் சரிவில் மேல்நீர் தெற்கே வழிகிறது. ஆழத்துக்குப் போகப் போக, தெற்கே இருக்கும் உப்புநீரின் கனம் அந்தச் சரிவின் அழுத்தத்தை மிஞ்சிவிடுகிறது. அதனால் கீழ்நீர் வடக்கே தள்ளப்படுகிறது. மேலே தெற்கு நோக்கிப் போகும் நீர், கீழே வடக்கு நோக்கி வரும் நீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பிற்காலக் கணக்கு. லொடோஸ் எனப்படும் தெற்குக் காற்று பலமாக வீசும் நாள்களில் மேல் ஓட்டமே திரும்பிவிடுவதும் உண்டு. ஆனால் அது சில நாள் விருந்தாளிதான்.

மார்சிலி தம் கண்டுபிடிப்பை 1681ஆம் ஆண்டில் ரோமில் நூலாக வெளியிட்டார். அரியணையைத் துறந்துவிட்டு ரோமில் வசித்துவந்த ஸ்வீடன் அரசி கிறிஸ்டினாவுக்கு எழுதிய கடித வடிவில் அமைந்த நூல் அது. இரண்டே ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கை தலைகீழானது. ஆஸ்திரியப் படையில் சேர்ந்து போரிட்டவர் 1683இல் துருக்கியரிடம் கைதியானார். வியன்னா முற்றுகையின்போது துருக்கியர் பாளையத்தில் காப்பிக் கூடாரம் ஒன்றில் வேலைசெய்ய வைக்கப்பட்டார். மறு ஆண்டு பணம் கொடுத்து மீட்கப்பட்டதும், காப்பியைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார் என்பது சுவையான செய்தி. அடிமைப்பட்ட இடத்திலும் கண்ணைத் திறந்து வைத்திருந்த மனிதர்! 1725இல் வெளிவந்த அவருடைய கடல் நூல், கடலியலுக்கென்றே எழுதப்பட்ட முதல் பெரிய நூலாக மதிக்கப்படுகிறது.

நம்ப மறுத்த இருநூறு ஆண்டுகள்

இவ்வளவு தெளிவான சோதனைக்குப் பிறகு உலகம் ஒப்புக்கொண்டிருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழித்து, 1870களின் தொடக்கத்தில், மத்தியதரைக் கடலைப் பல ஆண்டுகள் அளவை செய்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தாமஸ் ஸ்ப்ராட் என்பவர் இப்படிப்பட்ட அடி ஓட்டக் கொள்கையை எதிர்த்து எழுதினார். அவர் சாதாரண ஆள் அல்லர். அந்தக் கடல்களை நன்றாக அறிந்தவர். பெரியவர் ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டால் விவாதம் எப்படி நீளும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1872இல் 'ஷியர்வாட்டர்' கப்பலின் தலைவர் வார்ட்டன் அங்கே போய் நேரடியாக அளந்து, அடி ஓட்டம் உண்மைதான் என்று காட்டினார்.

முழு உறுதியைத் தந்தவர் ஒரு ரஷ்யர். 1881, 1882 ஆண்டுகளில் 'தாமான்' என்ற கப்பலின் தலைவராக கான்ஸ்டான்டினோப்பிளில் நிறுத்தப்பட்டிருந்த ஸ்டெப்பான் மக்காரோவ், கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் இந்த அளவுகளுக்கே செலவிட்டார். நீர் நிரப்பிய பீப்பாய் ஒன்றைப் படகிலிருந்து கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கினார். அடி ஓட்டம் பீப்பாயைப் பிடித்து இழுக்க, துடுப்புப் போடாமலேயே அந்தப் படகு மேல் ஓட்டத்தை எதிர்த்து நகர்ந்தது. பிறகு ஓட்டமானிக் கருவி ஒன்றை அவரே வடிவமைத்து, பல ஆழங்களில் வேகத்தையும் உப்பையும் வெப்பத்தையும் அளந்தார். 1885இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு ரஷ்ய அறிவியல் கழகம் பரிசு வழங்கியது. பின்னாளில் இதே மக்காரோவ்தான் ரஷ்ய-ஜப்பான் போரில், 1904இல், போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே கண்ணிவெடியில் சிக்கிய கப்பலோடு மூழ்கி மாண்டார்.

போஸ்பரஸில் நடப்பது ஒரு குறுகிய கால்வாயின் விந்தை என்று ஒதுக்கிவிட முடியாது. மத்தியதரைக் கடலின் மேற்கு வாசலான ஜிப்ரால்ட்டர் நீரிணையில் இதே காட்சியைப் பெரிய அளவில் பார்க்கலாம். அங்கே இலேசான அட்லாண்டிக் நீர் மேலே உள்ளே நுழைகிறது. உப்பேறிய மத்தியதரை நீர் அடியில் வெளியே போகிறது. வெளியே போன நீர் அட்லாண்டிக்கின் அடிக்குப் போய்ச் சேர்வதில்லை. சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், தன் கனத்துக்குப் பொருத்தமான இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பரவுகிறது. அதன் கீழே இன்னும் குளிர்ந்த, இன்னும் கனமான நீர் ஏற்கெனவே குடியிருக்கிறது.

அந்தக் குளிர்ந்த நீர் எங்கிருந்து வந்தது? அதற்கான முதல் தடயம் கிடைத்த கதை வேதனையானது. 1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், மூடி வைத்த வாளி ஒன்றை 1,600 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறக்கினார். மேலே 29 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டெரித்த வெப்பமண்டலத்தில், வாளியில் வந்த நீர் 12 டிகிரிதான் இருந்தது. மேலே வரும் வழியிலேயே அது கொஞ்சம் சூடாகியிருக்கும். உண்மையில் இன்னும் குளிராக இருந்திருக்க வேண்டும். எல்லிஸ் அந்த நீரை மது பாட்டில்களைக் குளிர வைக்கவும் குளிக்கவும் பயன்படுத்திக்கொண்டார். அது ஓர் அடிமை வாணிகக் கப்பல் என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் குளிர்நீர் துருவப் பகுதியிலிருந்துதான் அடிவழியாக ஊர்ந்து வந்திருக்க வேண்டும் என்று 1797இல் ரம்ஃபோர்டு பிரபு விளக்கினார். 1925 முதல் 1927 வரை ஜெர்மனியின் 'மெட்டியோர்' கப்பல் தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து அளந்தது. அந்த அளவுகளை வைத்து கியோர்க் வூஸ்ட் என்ற அறிஞர், எந்த நீர் எங்கே பிறந்து எந்த ஆழத்தில் எந்தத் திசையில் போகிறது என்று அடுக்கு அடுக்காகப் படம் வரைந்தார். அண்டார்ட்டிக்கா ஓரத்தில் உறைபனிக் குளிரில் கனத்துப்போய் மூழ்கிய நீர், நிலநடுக்கோட்டையும் தாண்டி வடக்கே போவதை அந்தப் படங்களில் காணலாம்.

ஆழ்கடல் உயிர்களுக்கு இந்த ஏற்பாடுதான் உயிர்மூச்சு. மேலே காற்றோடு உறவாடிய நீர் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு மூழ்குகிறது. அதனால்தான் சூரியனையே காணாத ஆழத்திலும் மீனும் நண்டும் புழுவும் வாழ்கின்றன. பின்னர் அந்த நீர், மேலிருந்து விழுந்து மக்கியவற்றின் சத்துகளைச் சுமந்துகொண்டு சில இடங்களில் மேலே எழும்புகிறது. பெரு நாட்டுக் கரையோரத்தில் நெத்திலி இனம் கோடிக்கணக்கில் பெருகுவதற்கு இப்படி எழும்பும் சத்துநீர்தான் காரணம்.

இந்த மூச்சு நின்றுபோனால் என்ன ஆகும்? அதைக் காட்டுவதற்கும் நாம் போஸ்பரஸின் வடக்கு முனைக்கே, கருங்கடலுக்கே திரும்ப வேண்டும்.

அடியில் உயிரில்லாத கடல்

சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு மத்தியதரை நீர் போஸ்பரஸ் வழியாகக் கருங்கடலுக்குள் நுழையத் தொடங்கியது. அதற்கு முன்பு அது உப்புக் குறைந்த பெரிய ஏரியாக இருந்தது. உள்ளே வந்த கனமான நீர் 2,200 மீட்டர் ஆழம் வரைக்கும் உள்ள அந்தப் பள்ளத்தை மெல்ல மெல்ல நிரப்பியது. மேலே ஆற்றுநீர் கலந்த இலேசான நீர் ஒரு மூடியைப்போல் கிடக்கிறது. குளிர்காலப் புயல் எவ்வளவு அடித்தாலும் அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு மேல்நீர் ஆழத்துக்குப் போக முடிவதில்லை. போஸ்பரஸின் அடி வழியாக வரும் புதுநீர் ஒன்றுதான் ஆழத்துக்கு வழி. அதுவும் போகும் வழியில் கலந்து நீர்த்துவிடுகிறது.

ஆகவே ஆழத்தில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனது. மேலிருந்து விழும் கழிவுகளை ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் தின்று, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. 1890இல் ஆந்த்ருசோவ் முதலிய ரஷ்ய ஆய்வாளர்கள் ஆழத்திலிருந்து நீரை எடுத்துப் பார்த்தபோதுதான் இந்த உண்மை வெளிப்பட்டது. கருங்கடலின் மொத்த நீரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டில் மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. உலகிலேயே இவ்வளவு பெரிய நச்சுநீர்ப் பள்ளம் வேறு இல்லை.

உயிர்களுக்கு ஆகாத அந்த ஆழம் வரலாற்றுக்கு மட்டும் நன்மை செய்திருக்கிறது. மரத்தைத் துளைக்கும் புழுக்கள் அங்கே வாழ முடியாது. 2018இல் பல்கேரியக் கரைக்கு அப்பால், 2 கிலோமீட்டர் ஆழத்தில், 2,400 ஆண்டுப் பழமையான கிரேக்கக் கப்பல் ஒன்று பாய்மரத் தூணோடும் துடுப்பாளர் இருக்கைகளோடும் அப்படியே கிடப்பதை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். புரோக்கோப்பியஸ் பிறப்பதற்கும் 900 ஆண்டுகளுக்கு முன்பு மூழ்கிய கப்பல் அது!

கருங்கடலின் மீன்வளம் முழுவதும் மேலே உள்ள மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. கரையோர மக்களின் சாப்பாட்டிலும் பாட்டிலும் இடம்பெற்ற 'ஹம்சி' என்ற மீன் அதில் முதன்மையானது. நாம் இக்கான் பிலிஸ் என்கிறோமே, அந்த நெத்திலிக்கு உறவுமுறை. வசந்தத்தில் மர்மராவிலிருந்து போஸ்பரஸ் வழியே கருங்கடலுக்குப் போய், இலையுதிர் காலத்தில் திரும்பி வரும் சூரை வகை மீன்களும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இஸ்தான்புல் மீனவர்களின் அடுப்பு எரிந்தது அந்தப் போக்குவரத்தால்தான்.

இருக்கும் இடம் குறுகியதாக இருந்தால் ஒரு சிறு கேடும் வீடு முழுவதையும் பாதிக்கும். 1980களின் தொடக்கத்தில், கப்பல்கள் நிலைத்தன்மைக்காக அடித்தொட்டியில் ஏற்றிவரும் நீரோடு, அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த சீப்புச் சொறி இனம் ஒன்று கருங்கடலுக்குள் வந்து சேர்ந்தது. ஹம்சியின் குஞ்சுகளையும் அவற்றின் உணவையும் அது தின்று பெருகியது. ஏற்கெனவே அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் நலிந்திருந்த ஹம்சி 1980களின் இறுதியில் சரிந்து, கரையோர ஊர்கள் பிழைப்பின்றித் தவித்தன. 1997இல் அந்தச் சொறியைத் தின்னும் இன்னொரு சொறி இனம் வந்து சேர்ந்த பிறகே நிலைமை ஓரளவு சீரானது. மனிதன் எடுத்த முயற்சியால் கிடைத்த தீர்வு அல்ல அது, தற்செயல்.

உயிர்வாழத் தகுந்த அந்த மேலடுக்கும் இப்போது மெலிந்து வருகிறது. 1955இல் ஆக்சிஜன் ஏறத்தாழ 140 மீட்டர் ஆழம்வரை இறங்கியது என்றும், 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது 90 மீட்டராகக் குறைந்துவிட்டது என்றும் அளவுகள் காட்டுகின்றன. குளிர்காலத்தில் குளிர்ந்து மூழ்கி ஆக்சிஜனைக் கொண்டுபோகும் இடையடுக்கு நீர், குளிர்காலம் வெதுவெதுப்பாக ஆக ஆக முன்புபோல் உருவாவதில்லை.

இனி மர்மராவைப் பார்ப்போம். இங்கேயும் இரண்டு அடுக்குகள். ஏறக்குறைய 25 மீட்டர் ஆழம்வரை கருங்கடலின் இலேசான நீர். அதற்குக் கீழே மத்தியதரை நீர். கீழ் அடுக்குக்கு ஆக்சிஜன் வருவது டார்டனெல்ஸ் வழியாக மட்டுமே. இந்தக் கடலின் கரையில்தான் ஒன்றரைக் கோடி மக்கள் வாழும் இஸ்தான்புல் இருக்கிறது. அவ்வளவு பேரின் கழிவுநீரை என்ன செய்வது?

1980களின் பிற்பகுதியிலிருந்து நகரம் கண்ட வழி, மார்சிலி அளந்த அதே அடி ஓட்டத்தைப் பயன்படுத்துவது. கழிவுநீரின் பெரும்பகுதியை மணலும் குப்பையும் நீக்கும் முதற்கட்டச் சுத்திகரிப்போடு குழாய் வழியாகக் கீழ் அடுக்கில் விட்டுவிட்டால், அது வடக்கே ஓடிக் கருங்கடலின் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே ஏற்கெனவே உயிர் இல்லை; யாருக்கும் கேடு இல்லை. காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம். ஆனால் போஸ்பரஸின் குறுகலான வளைவுகளிலும் மேடுகளிலும், தெற்கு வாயிலிலும் இரண்டு ஓட்டங்களும் உரசிக் கலக்கின்றன. அடியில் விட்டதில் ஒரு பகுதி மேல் அடுக்கில் ஏறி மர்மராவுக்கே திரும்பி வந்தது. அதோடு டான்யூப் முதலிய ஆறுகள் கொண்டுவந்த உரச்சத்தும், மர்மராக் கரையிலுள்ள மற்ற நகரங்களின், தொழிற்சாலைகளின் கழிவும் சேர்ந்துகொண்டன. நீர் அடுக்குகளாக ஓடுகிறது என்ற பாதி உண்மையை நம்பிவிட்டு, அவை மெல்லக் கலக்கவும் செய்கின்றன என்ற மறுபாதியைப் போதுமான அளவுக்குக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2007இல் ஒரு முறை எச்சரிக்கை வந்தது. 2020இன் இறுதியில் தொடங்கி 2021 கோடை வரை மர்மராவில் நடந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மிதவை நுண்ணுயிர்கள் சுரந்த கொழகொழப்பான சளி, கரையோரம் முழுவதும் பழுப்புப் பாயாக மூடியது. மேலே தெரிந்தது ஒரு பகுதிதான். இரண்டு நீரும் சந்திக்கும் எல்லைவரை அது தொங்கிக்கொண்டிருந்தது. கனத்துப்போனவை கீழே இறங்கிப் பவளங்களையும் கடற்பஞ்சுகளையும் போர்த்தி மூச்சடைக்க வைத்தன. மீனவர்கள் வலையை இழுத்தபோது மீனுக்குப் பதில் சளி வந்தது. அதன் கனத்தில் வலைகள் கிழிந்தன. பலர் பல மாதங்கள் படகை இறக்கவே இல்லை.

2021 ஜூன் மாதம் அரசாங்கம் துப்புரவுப் பணியைத் தொடங்கியது. உறிஞ்சும் வண்டிகளும் படகுகளும் மேற்பரப்பில் மிதந்ததை அள்ளின. அதே ஆண்டு நவம்பரில் மர்மரா கடல் சிறப்புச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கரையோர நகரங்கள் தங்கள் கழிவுநீரை உயர்நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படுத்த வேண்டும் என்றும் முடிவானது. மேலே மிதந்த சளியை அள்ளுவது சில வாரத்து வேலைதான். கீழ் அடுக்கின் நீர் முழுவதும் மாறிப் புதுநீர் வந்து நிறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.